ஒரே வயிற்று மாடுகள்

கபாயிட்சே என்ற பெயருக்கு ‘அவர்களுக்குத் தெரியாது’ என்று அர்த்தம். போட்ஸ்வானாவில் பெயர் என்பது ஒரு சொல் இல்லை, ஒரு வாக்கியம். பிள்ளை பிறந்த அன்று வீட்டில் என்ன சண்டை நடந்ததோ அதை அப்படியே பிள்ளையின் தலையில் கட்டிவிடுவார்கள். அவளுடைய அப்பா யாரைப் பார்த்து அப்படிச் சொன்னார், அவர்களுக்கு எது தெரியாது என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாமல் போனதும் நல்லதுதான். அவளுக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரைப் பொருத்திக்கொண்டாள்.

செலொக்வானே ஊரில் ஒரு பெண்பிள்ளை, அப்பன் சொத்து இல்லாமல், புருஷன் சொத்து இல்லாமல், தன் கையாலேயே இருபத்து மூன்று மாடு சேர்த்தாள் என்றால் அது கபாயிட்சே ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் கூட்டி வரட்டும், பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு. மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்த அன்று ஆடு மேய்க்க ஆள் இல்லை என்று இழுத்து வந்துவிட்டார்கள். அதனால் என்ன குறைந்துபோனது? படித்தவர்கள் பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு ஊரில் ஒரு வீடு, வயல்காட்டில் ஒரு குடிசை, மாட்டுப்பட்டியில் ஒரு குடிசை. மூன்று அடுப்பு எரித்தவள் அவள்.

எங்கள் நாட்டில் வைரம் கிடைக்கிறது என்று வெளியில் உள்ளவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். வைரத்தைக் கறக்க முடியுமா? கன்று போடுமா? கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் போய்ப் பத்து வைரம் நிறுத்தினால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். மாடு வேண்டும். மாடு இருக்கிறவன் பேசுவான், மாடு இல்லாதவன் கேட்பான். அவ்வளவுதான் எங்கள் நாடு.

அவளுடைய முதல் மாடு வந்த கதையை அவள் சொல்லிக் கேட்காதவர்கள் அந்த ஊரில் கிடையாது. பத்தொன்பது வயதில் அவள் சோளத்தை முளைகட்டிப் பீர் காய்ச்சி விற்றாள். பாலைவனத்தின் அந்தப் பக்கத்திலிருந்து லொபாட்சே கசாப்புக் கூடத்துக்கு நூற்றுக்கணக்கில் மாடு ஓட்டிப்போகிறவர்கள் அவளுடைய வேலிக்கு வெளியே வந்து குடிப்பார்கள். ஒருநாள் வழியிலேயே ஒரு பசு கன்று போட்டுவிட்டது. ஈரம் காயாத கன்று நடக்குமா? விட்டுவிட்டுப் போனால் நரிக்கு. ஓட்டுகிறவன், “ரெண்டு பானை பீர் குடு, இத எடுத்துக்க” என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். “சாகப்போற கன்னுக்கு ரெண்டு பானையா? இவளுக்குக் கிறுக்கு” என்றார்கள். அவள் மூன்று பானை கொடுத்தாள். மூன்றாவது பானை, சிரித்தவர்கள் வாயை அடைக்க.

ஆட்டுப் பால் கொடுத்து, தன் போர்வைக்குள் படுக்கவைத்து வளர்த்தாள். செவலைக் கிடேரி. மூக்கின் மேல் அடுப்புக்கரியால் இழுத்த மாதிரி ஒரு கறுப்பு வரி. அதன் வயிற்றிலிருந்து வந்ததுதான் மற்றதெல்லாம்.

“என் பட்டியில நிக்கிற அத்தனையும் ஒரே வயிறு,” என்று கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்வாள். “ஒங்கள்ல எவனுக்காவது அப்படிச் சொல்ல வாய் இருக்கா?”

யாருக்கும் இல்லை. மற்றவர்களுடையது பெண்ணுக்குப் பரிசமாக வந்தது, பாகம் பிரித்து வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாதது. அவளுடையது ஒரே வயிறு. அந்தப் பெருமையைத்தான் ஊரால் தாங்க முடியவில்லை.

பின்னால் மொட்சுமியைக் கட்டினாள். நல்ல மனிதன், வாய் செத்தவன். பக்கத்து நாட்டுத் தங்கச் சுரங்கத்தில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை தகரப்பெட்டியோடு வருவான். கல்யாணமானதும் அவளுடைய மாடுகளின் தொடையில் புருஷன் வீட்டு முத்திரையைச் சுட்டார்கள். அந்தக் காலத்தில் பெண்ணுக்குத் தனி முத்திரை ஏது? அந்த முத்திரை மாமனார் பெயரில் அலுவலகத்தில் பதிந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோலில் யார் பெயர் இருந்தால் என்ன, பால் தன் பானையில்தானே என்று நினைத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அது ஒன்றுதான்.

சுரங்கத்தில் பாறை சரிந்து மொட்சுமி செத்துப்போனான். ஒரு வருஷம் அவள் கறுப்பு உடுத்தினாள். கறுப்பு உடுத்திய பெண் மாட்டுப்பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது, மாட்டின் தடத்தை மிதித்தாலே கன்று கலைந்துவிடும் என்பார்கள். அவளும் போகவில்லை. அது பெரிய பஞ்ச வருஷம் வேறு. பட்டியில் மாடு செத்துச் செத்து விழுந்தது. எல்லாவற்றையும் டாவோ பார்த்துக்கொண்டான்.

டாவோ அவளுடைய மாட்டுக்காரன். பாலைவனத்துப் பழங்குடி ஆள். குள்ளம், ஐம்பது வயதிருக்கும். அவனுடைய உண்மையான பெயர் நாக்கை அண்ணத்தில் சொடுக்கி ஆரம்பிக்கும். ஊரில் எவனுக்கும் அப்படிச் சொடுக்க வரவில்லை. அதனால் சொடுக்கை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கூப்பிட்டார்கள். கபாயிட்சே அதைக்கூடக் கூப்பிட்டதில்லை. “ஏய்” என்பாள். அவன் திரும்பிப் பார்ப்பான். சோளமாவு, தேயிலை, சர்க்கரை, புகையிலை கொண்டுபோய்ப் போடுவாள், குற்றம் சொல்வாள், திரும்பி வருவாள். பதினேழு வருஷம் இப்படியே ஓடியது.

மழை திரும்பி வந்து, மாடு கொழுத்து, இருபத்து மூன்று உருப்படி நின்ற வருஷத்தில்தான் கொழுந்தன் வந்தான்.

பெமெலோ மொட்சுமியின் தம்பி. தலைநகரத்தில் காகிதம் நகர்த்துகிற உத்தியோகம். கழுத்துப்பட்டை, பளபளப்பான சப்பாத்து, வெள்ளை பிக்கப் வண்டி. அண்ணன் சாவுக்கு வந்தவன் அதற்கப்புறம் ஆறு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டாள், தேநீர் கொடுத்தாள். மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான்.

“அண்ணி, ஒடம்பு எப்படி?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா இருக்கும்.”

“வயசாயிருச்சு உங்களுக்கு. மாட்டப் பாக்குற வேலை இனிமே எதுக்கு? முத்திரை இப்ப என் பேர்ல இருக்கு. அப்பாவுக்கப்புறம் அண்ணன், அண்ணனுக்கப்புறம் நான். காகிதம் இருக்கு, பாருங்க.” சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். “உங்களுக்குப் பால் குடிக்க ரெண்டு மாடு விட்டுட்டுப் போறேன்.”

அவள் தாளை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்தாள். அவளுக்கு நேராகப் பிடிக்கத் தெரியும். வேண்டுமென்றேதான் அப்படிப் பிடித்தாள்.

“இதுல மாடு ஒண்ணும் தெரியலையே, தம்பி.”

“மாட்டோட தொடையில தெரியும், அண்ணி.”

“அப்போ தொடைய அறுத்து எடுத்துட்டுப் போ. மிச்சம் என்னது.”

பெமெலோ தேநீரை வைத்துவிட்டு எழுந்தான். “கொட்லாவுல பேசிக்கலாம்” என்றான்.

“அந்தக் கோப்பையக் காலி பண்ணிட்டுப் போ. ஒன் எச்சிய நான் எங்க ஊத்துறது?”

கொட்லா என்பது எங்கள் ஊர் மன்றம். தலைவர் வீட்டு முன்னால் பெரிய முள்மரத்தடியில், காற்று மறைக்கப் பிறைமாதிரி மரக்கட்டை நட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்பார்கள். பேசுகிறவனை நடுவில் நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை, தலைவருக்கும் இல்லை. அவர் கடைசியில்தான் வாயைத் திறப்பார். ஆண்கள் வீட்டிலிருந்து தோல்வார் கட்டிய குட்டை நாற்காலியைத் தூக்கி வருவார்கள். பெண்கள் தரையில் காலை நீட்டி உட்காருவார்கள். கபாயிட்சே நாற்காலியோடு வந்தாள்.

“இது ஆம்பளைங்க எடம்,” என்றார் ஒரு கிழவர்.

“ஆம்பளைங்க எடத்துலதான் என் மாட்டத் திருடுறாங்க. நான் வேற எங்க போய் உக்கார்றது?”

“பொம்பளை நின்னு பேசுற வழக்கம் நம்ம ஊர்ல—”

“பேச ஆரம்பிச்சுட்டேன்ல? இனி நிறுத்த முடியாது. அதுவும் ஒங்க வழக்கந்தான்.”

தலைவர் மொரெமெடி சிரிப்பை விரலால் துடைத்துக்கொண்டார். முதலைக் குலம் அவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை, முதலையே என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் ஊரில் முழங்கால் தண்ணீர் ஓடுகிற ஆறுகூட இல்லை. இருந்தாலும் அவர் முதலைதான்.

முதலில் பெமெலோ எழுந்தான். முத்திரை, அப்பா, அண்ணன், காகிதம் என்று ஒழுங்காகப் பேசினான். நல்ல பேச்சு. அலுவலகத்தில் பழகியது. “முதலையே, சட்டம் தொடையப் பாக்குது. அண்ணி மேல எனக்குக் கோவம் இல்லை. அவங்களுக்கு ரெண்டு மாடு விடுறேன்னு சொன்னேன். அவங்க என்னைய நாய் மாதிரி தொரத்தினாங்க.”

“நாயின்னா சோறு போட்டுத் தொரத்தியிருப்பேன்,” என்று கபாயிட்சே உட்கார்ந்தபடியே சொன்னாள். நடுவில் பேசக் கூடாது என்று நாலுபேர் அதட்டினார்கள். சரி என்று கையைக் காட்டினாள்.

அவளுடைய முறை வந்தது. எழுந்தாள். பாவாடையை உதறினாள்.

“முதலையே, நான் அதிகம் பேச மாட்டேன். மாட்டுக்குச் சொந்தக்காரன்னு சொல்றவனுக்கு மாட்டத் தெரிஞ்சிருக்கணும். என் கொழுந்தனுக்கு அந்தத் தாள்ல மாடு தெரியுதாம். என் மாட்டுக்கெல்லாம் ஆத்தா யாரு, ஆத்தாவுக்கு ஆத்தா யாருன்னு அவன் சொல்லட்டும். பாதி சொன்னாப் போதும். நான் கயித்த அவிழ்த்துக் கையில குடுத்துட்டு நடந்து வீட்டுக்குப் போறேன்.”

கிழவர்கள் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாக இருந்தது. மாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டால் எங்கள் ஊரில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

பெமெலோ கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். “சொல்றேன். முதல் மாடு எல்லாருக்கும் தெரிஞ்சது தானே. அது ஒரு குனோ. மூக்குல கறுப்பு வரி. நல்ல பெரிய குனோ. அது போட்ட கன்னுங்க—”

முதலில் ஒரு கிழவர் இருமினார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் ஒரு சத்தம். அப்புறம் மரக்கட்டை வேலிக்கு வெளியே நின்றவர்கள்வரை மொத்தக் கொட்லாவும் சிரித்தது.

எங்கள் மொழியில் காளைக்கு ஒரு நிறம், பசுவுக்கு ஒரு நிறம். நிறம் ஒன்றுதான், சொல் வேறு. செவலைக் காளை என்றால் குனோ. செவலைப் பசு என்றால் குன்வானா. பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தப்பாது. பசுவைக் குனோ என்பது, பெற்ற தாய்க்கு மீசை முறுக்குவது மாதிரி. பட்டணத்திலேயே வளர்ந்து, தகரடப்பாப் பால் குடித்தவனால்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும்.

“குனோ கன்னு போட்டுச்சாமே!” என்றார் அந்த இருமிய கிழவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எம்புட்டுப் பால் கறந்துச்சு, தம்பி?”

“ஏரு உழுதுட்டு வந்து கறந்துச்சா, கறந்துட்டுப் போய் உழுதுச்சா?” என்று ஒரு பெண் தரையிலிருந்து கேட்டாள்.

பெமெலோவுக்குக் காது சிவந்தது. “ஒரு வார்த்தை மாறிப்போச்சு. அதுக்காக—”

“ஒரு வார்த்தையா?” கபாயிட்சே அவன் பக்கம் திரும்பினாள். “ஒன்பது மாசச் சினைய நீ காளை வயித்துல வச்ச. அது ஒரு வார்த்தையா? ஒங்கண்ணன் சுரங்கத்துக்குள்ள இருந்து எழுந்து வந்தாக்கூட அதத் தப்பாச் சொல்லியிருக்க மாட்டான்.”

பிறகு அவள் சொன்னாள். நின்ற இடத்தில், கையில் ஒன்றும் இல்லாமல், இருபத்து மூன்றையும் சொன்னாள். முதல் குன்வானா போட்டது ஏழு, அதில் கிடேரி நாலு, அதில் எது எந்த வருஷம் எதைப் போட்டது, எதற்கு வால் நுனி வெள்ளை, எது பாம்பு கடித்துச் செத்தது, எதன் காம்பு ஒன்று அடைத்துக்கொண்டது. தலைவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியாக முன்மாட்டைச் சொன்னாள். முன்மாடுதான் அவளுடைய உயிர். தண்ணீருக்குப் போகும்போது அது முன்னால் நடந்தால்தான் மற்றவை நடக்கும். செவலை உடம்பு, நெற்றியில் ஒரு விரல் அகலம் வெள்ளை. “அது பஞ்சத்துல பொறந்தது. கொம்பு ஒடிஞ்சவ போட்டது. நெத்தி வெள்ளை காளை வழி வந்தது. அதுவும் அதே வயிறு. இருபத்து மூணும் ஒரே வயிறு, முதலையே.”

ஊர் “பூலா!” என்று மழையைக் கூப்பிட்டது. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய கைதட்டல் இல்லை. அந்த நிமிஷத்தில் தலைவர் எழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பெமெலோ விடவில்லை. அவமானப்பட்டவன் லேசில் விடுவானா?

“சிரிப்பு சாட்சியா, முதலையே? இவங்க சொன்னது சரின்னு யாருக்குத் தெரியும்? இவங்களே வருஷத்துல பாதி நாள் ஊர்ல. மாட்டோட கெடந்தவன் வெளிய நிக்கிறான். அவனக் கேளுங்க.”

வேலிக்கு வெளியே டாவோ நின்றான். புதுக் கோட்டுப் போட்டிருந்தான். சாம்பல் நிறம், பித்தளைப் பொத்தான். கை விரல் நுனிவரை நீண்டு தொங்கியது. அந்தக் கோட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று கபாயிட்சே கணக்குப் போட்டாள். பதினேழு வருஷத்தில் அவள் அவனுக்குக் கொடுத்தது இரண்டு போர்வை, ஒரு ஜோடி பழைய சப்பாத்து. கொழுந்தன் ஒரே ஒரு தடவை பட்டிக்குப் போயிருக்கிறான், கோட்டுக் கொடுத்திருக்கிறான்.

“அவனையா?” என்றார் ஒருவர். “அவுங்க ஆளுங்க கொட்லாவுக்குள்ள வந்து பேசுனதே இல்லையே.”

“பொம்பளை பேசியாச்சு. இனிமே யாரு பேசுனா என்ன?” என்றார் முதல் கிழவர் கசப்பாக.

தலைவர் கையை அசைத்தார். டாவோ உள்ளே வந்தான். நாற்காலி யாரும் கொடுக்கவில்லை. நடுவில் குந்தினான். தரையைப் பார்த்தே பேசினான், மெல்ல, நிறுத்தாமல்.

“மூத்தவ குன்வானா. மூக்குல வரி. அவ நாலு பொட்டை போட்டா.”

அப்படியே போனான். அவள் சொன்ன வரிசையில், அவள் சொன்ன வருஷத்தில். அவள் விட்டதையும் சொன்னான். கறுப்புக்கால் கிடேரி பிறந்த அன்று எந்தப் பக்கமிருந்து காற்றடித்தது என்றுகூடச் சொன்னான். கபாயிட்சேவுக்கு மூச்சு வந்தது. கோட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டதற்காகக் கொஞ்சம் வெட்கமும் வந்தது. அதை வெளியே காட்டவில்லை.

“இருபத்து ரெண்டு,” என்று டாவோ நிறுத்தினான்.

“இன்னும் ஒண்ணு இருக்கே?” என்றார் தலைவர். “முன்மாடு?”

“அது அந்த வயிறு இல்லை.”

கிழவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

“ஏய்!” என்றாள் கபாயிட்சே. “என்ன ஒளர்ற?”

“நடுவுல பேசாதீங்க,” என்றார் பெமெலோவின் பக்கத்தில் இருந்தவர், ரொம்பச் சந்தோஷமாக.

டாவோ தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னான். “பஞ்ச வருஷம். அம்மா கறுப்புத் துணியில இருந்தாங்க, பட்டிக்கு வரலை. கொம்பு ஒடிஞ்சவ கன்னு போட்டா, கன்னு செத்துப்போச்சு. அதே வாரம் பெரியய்யாவோட வெள்ளைமூஞ்சி மாடு கன்னு போட்டுச்சு, ஆனா ஆத்தா செத்துப்போச்சு. பால் குடிக்கன்னு பெரியய்யா விட்டு வச்சிருந்தாரே, அந்த மாடு. கன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. நான் செத்த கன்னோட தோல உரிச்சு உசுரோட இருந்த கன்னுக்கு மேல கட்டினேன். கொம்பு ஒடிஞ்சவ மோந்து பாத்தா. தன்னோடதுன்னு நெனச்சு ஊட்ட விட்டா. ஒன்பது நாள் கழிச்சுத் தோல எடுத்துட்டேன். அதுதான் முன்மாடு. நெத்தி வெள்ளை காளைகிட்ட வந்ததில்லை. ஆத்தாகிட்ட வந்தது.”

பெரியய்யா என்றால் மாமனார். மாமனார் மாடு என்றால் பெமெலோ மாடு.

“இத்தன வருஷம் ஏன்டா சொல்லலை?” என்று அவள் கத்தினாள். வழக்கம் மறந்துபோனது.

“நீங்க கேக்கலையே,” என்றான் டாவோ. “மாடு எத்தனைன்னு கேட்டீங்க. பால் எங்கன்னு கேட்டீங்க.”

பெமெலோ துள்ளி எழுந்தான். “கேட்டீங்களா, முதலையே! ஒரே வயிறு, ஒரே வயிறுன்னு முப்பது வருஷமா ஊர ஏமாத்துனது பொய். ஒண்ணு பொய்யின்னா மத்தது மட்டும் எப்படி மெய்யாகும்? இப்பவாவது காகிதத்தப் பாருங்க!”

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் முகம் மாறுவதைக் கபாயிட்சே பார்த்தாள். சற்று முன்னால் சிரித்த அதே முகங்கள். இத்தனை வருஷம் அவளுடைய வாயைச் சகித்துக்கொண்டிருந்தவர்கள், அந்த வாய் உடையும் என்று காத்திருந்தவர்கள். அவர்களுக்கு இது மாட்டு வழக்கே இல்லை.

டாவோ பொய் சொல்கிறான் என்று அவள் சொல்லலாம். கோட்டைக் காட்டலாம். “பாருங்க, கூலிக்குப் பேசுறான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாலைவனத்து ஆள் பேச்சா, முத்திரை இல்லாத அவள் பேச்சா என்று வந்தால் ஊர் அவள் பக்கம்தான் சாயும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

ஆனால் அவள் மாடு தெரிந்தவள். அந்த நெற்றி வெள்ளையைத் தினமும் பார்த்தவள். அந்தக் காளைக்கு நெற்றியில் ஒரு மயிர்கூட வெள்ளை கிடையாது. தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை அது. தோல் கட்டிய விஷயம் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்பது இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியும். மாட்டைப் பற்றித் தெரிந்தே பொய் சொன்னால், அப்புறம் அவளுக்கும் அந்தக் காகிதக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

எழுந்தாள்.

“அவன் சொல்றது நெசம். அந்தக் காளைக்கு நெத்தி வெள்ளை இல்லை. ஒரே வயிறுன்னு நான் சொன்னது தப்பு.” அந்தச் சொல்லைத் துப்புகிற மாதிரிச் சொன்னாள். “முன்மாடு மாமனார் வீட்டு மாடு. அத எடுத்துக்கட்டும். பட்டியில பெரிய மாடு அதுதான். எங்கிட்ட இருக்கிறதுல அதுக்கு ஈடா ஒண்ணும் கெடையாது. எடுத்துட்டுப் போகட்டும்.”

உட்கார்ந்தாள். நாற்காலியின் தோல்வார் முனகியது. ஒருத்தரும் மழையைக் கூப்பிடவில்லை.

தலைவர் மொரெமெடி கடைசியில் பேசினார். அவர் பேச்சு எப்போதும் சின்னது.

“தம்பி பெமெலோ, ஒண்ணு பொய்யின்னா மத்ததும் பொய்யின்னு சொன்ன. நான் வேற மாதிரி பாக்குறேன். பட்டியில உசத்தியான மாட்டத் தன் வாயாலயே விட்டவ, மத்த இருபத்து ரெண்டுக்கு எதுக்குப் பொய் சொல்லப் போறா? அந்த ஆளு ஒன் கோட்டப் போட்டுக்கிட்டு அவளுக்கும் சாதகமாப் பேசலை, ஒனக்கும் சாதகமாப் பேசலை. முன்மாடு ஒன்னது. மிச்சம் அவளது. அவ பேருக்குத் தனி முத்திரை எழுதி அனுப்புறேன். பொம்பளைக்கு முத்திரையான்னு கேக்குறவங்க எங்கிட்ட வந்து கேளுங்க.”

யாரும் போய்க் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைப் பார்த்தால், “எத்தன வயிறு, அம்மா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் பதில் சொன்னாள். எழுத முடியாத பதில்கள்.

பெமெலோ மறுநாளே லாரி கொண்டுவந்து முன்மாட்டை ஏற்றினான். அது ஏற மறுத்தது. நாலு பேர் தள்ளினார்கள், வாலை முறுக்கினார்கள். கபாயிட்சே பட்டி வேலியில் சாய்ந்து நின்று பார்த்தாள், உதவவில்லை. “அண்ணி, சத்தம் குடுங்க, நீங்க சொன்னா ஏறும்” என்று அவன் கெஞ்சினான். அவள் எச்சிலைத் துப்பினாள். கடைசியில் ஏறியது. லாரி போன பிறகு மற்ற மாடுகள் தண்ணீருக்குப் போகத் தெரியாமல் பட்டி வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அவளும் டாவோவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அவற்றைத் தொட்டிவரை அடித்து ஓட்டினார்கள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அவனைப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. மாவு மூட்டையைக் குடிசை வாசலில் பொத்தென்று போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள்.

மூன்று மாதம் கழித்து முத்திரைக் காகிதம் வந்தது. கொல்லனிடம் இரும்பு அடித்து வாங்கினாள். பட்டி நடுவில் முள்விறகு எரிந்தது. டாவோ முதல் மாட்டைக் கயிற்றில் சாய்த்து, கொம்பைப் பிடித்து, முழங்காலைக் கழுத்தில் ஊன்றினான். அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டிருந்தான். முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான்.

“அந்தக் கோட்டக் கழட்டு. பாக்கச் சகிக்கலை.”

“குளுருது.”

“ஒன் வாயால என் முன்மாடு போச்சு.”

“என் வாயாலதான் இருபத்து ரெண்டு நின்னுச்சு,” என்றான் டாவோ. மாட்டின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டே சொன்னான்.

கபாயிட்சே நெருப்புப் பக்கம் திரும்பினாள். இரும்பு சிவந்து, வெளுக்க ஆரம்பித்திருந்தது.

“கெட்டியாப் பிடி,” என்றாள். “துள்ளப் போகுது.”

அவன் பிடித்தான். அவள் குனிந்து, கொழுந்தன் பெயர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தன் பெயரை அழுத்தினாள்.